புகழ்பெற்றவர் வாய் திறந்தால் ஊர் வாய் என்ன சொல்கிறது?

இவ்வாரப் பாடத்துக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் வாசகர் சிலருக்குச் சங்கடமாக இருக்கக்கூடும். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் பேசாத விடயம் என்று அதை ஒதுக்கி வைப்பதே நம்மிற் பலருடைய வழக்கம். ஆனால் உண்மையில் நாம் அதைப் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரு நடிகையோ, பாடகரோ, விளையாட்டு வீரரோ தாம் தம் பாலினரையே நாடும் இயல்புடையவர் என்று உலகறியச் சொன்னார் என்ற செய்தி வந்ததும், சலூனிலும் பஸ்ஸிலும் கோயில் வாசலிலும் அன்றைக்கு அதுவே பேச்சு. ஒருவர் சிரிப்பார், ஒருவர் முகம் சுளிப்பார், இன்னொருவர், “அது அவருடைய பாடு, எங்களுக்கென்ன?” என்று தோளைக் குலுக்குவார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள் பெரியோர். அந்த ஊர் வாய் இதுவரை என்ன சொல்லியிருக்கிறது, சொன்னதால் என்ன நேர்ந்தது என்பதையே இங்கு ஆராய்ந்து பார்க்கப் போகிறோம்.

முதலிற் பெயரைக் கவனியுங்கள். நம் பத்திரிகைகள் நெடுங்காலமாக ‘தன்னினச் சேர்க்கை’, ‘ஓரினச் சேர்க்கை’ என்று எழுதிவந்தன. அண்மைக் காலத்தில் ‘தன்பாலீர்ப்பு’ என்ற சொல் வழக்குக்கு வந்திருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. சேர்க்கை என்பது செயலைக் குறிக்கும். ஈர்ப்பு என்பது உள்ளத்தின் சாய்வைக் குறிக்கும். ஒருவர் தம் இயல்பு இன்னதென்று மட்டும் சொல்லியிருக்க, அவர் எதையோ செய்துவிட்டார் என்று நம் நாவு முந்திக்கொண்டு தீர்ப்பிடுவதற்கு அந்தப் பழைய சொல்லும் ஒரு காரணம் என்றே எண்ணத் தோன்றுகிறது. திருச்சபையின் போதனையும் சாய்வு வேறு, செயல் வேறு என்று பிரித்தே பேசுகிறது. ஆகவே இக்கட்டுரையில் ஈர்ப்பு என்ற சொல்லையே கையாளுவோம்.

ஒரு மில்லியன் பவுண் வீரர்

இப்பொருளைப் படிக்க விரும்புவோர் இங்கிலாந்தின் உதைபந்தாட்ட வீரர் ஜஸ்ரின் பஷானுவின் வாழ்க்கையைத் தவிர்க்க முடியாது. அவர் 1961ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆந் திகதி இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தை நைஜீரியர், தாய் அக்காலத்தில் பிரித்தானிய கயானா எனப்பட்ட நாட்டைச் சேர்ந்த தாதி. பெற்றோர் பிரிந்தபின் ஜஸ்ரினும், அவருக்கு ஒரு வயது இளையவரான தம்பி ஜோனும் பர்னாடோ சிறுவர் இல்லத்தில் விடப்பட்டார்கள். பின்னர் நோர்போக் மாவட்டக் கிராமம் ஒன்றில் வெள்ளையினத் தம்பதியர் இருவரையும் வளர்ப்புப் பிள்ளைகளாக ஏற்று வளர்த்தனர். சுற்றிவரக் கறுப்பு நிறத்தவர் எவருமில்லாத அந்தக் கிராமத்தில் அண்ணனுக்குத் தம்பியும் தம்பிக்கு அண்ணனுமே துணை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜஸ்ரின் நோர்விச் நகரக் கழகத்திற் சேர்ந்து 1978 முதல் தொழில்முறை வீரரானார். 1980 பெப்ரவரியில் லிவர்பூல் அணிக்கு எதிராக அவர் அடித்த கோல் ஒன்றைப் பற்றி அந்நாட்டு இரசிகர்கள் இன்றும் பேசுவார்கள். தமக்கு வந்த பந்தைக் காலாற் சற்று மேலெழுப்பி, உடலைத் திருப்பி, தண்டனை எல்லைக்கு வெளியே நின்றபடியே வலைக்குள் அனுப்பினார். ஆட்டத்தில் நோர்விச் 3க்கு 5 என்று தோற்றது. ஆயினும் பி.பி.சி. தொலைக்காட்சி அப்பருவத்தின் சிறந்த கோலாக அதையே தெரிந்தெடுத்தது. அடுத்த ஆண்டில், அதாவது 1981இல், நொட்டிங்ஹாம் பொரஸ்ற் கழகம் அவரை ஒரு மில்லியன் பவுண் கொடுத்து வாங்கியது. அத்தொகைக்கு வாங்கப்பட்ட முதற் கறுப்பின வீரர் அவரே. அப்போது அவருக்கு வயது 20.

அங்கே முகாமையாளராக இருந்தவர் புகழ்பெற்ற பிறையன் கிளஃப். புதிய வீரர் தன்பாலீர்ப்புடைய ஆண்கள் கூடும் விடுதிகளுக்குப் போகிறார் என்ற கதை கிளஃபின் காதுக்கு எட்டியது. தாம் அவரைக் கூப்பிட்டு எவ்விதம் ஏளனமாகக் கேள்வி கேட்டார் என்பதைப் பிற்காலத்தில் தமது சுயசரிதையில் அவரே எழுதியுள்ளார். பயிற்சிக்கு வரக்கூடாதென்று தடைவிதித்தார். தடையை மீறி வந்தபோது பொலிசாரைக் கொண்டு மைதானத்திலிருந்து வெளியேற்றுவித்தார். 1982 முடிவதற்குள், மில்லியன் பவுணுக்கு வாங்கிய வீரரை அயற்கழகமான நொட்ஸ் கவுண்டி 1 இலட்சத்து 50 ஆயிரம் பவுணுக்கு வாங்கியது. ஆட்டத்திறன் குன்றியதும் இதற்கு ஒரு காரணமே. 32 லீக் ஆட்டங்களில் 3 கோல்கள்தாம் அவர் அடித்திருந்தார். ஆனால் தம் முகாமையாளருக்கே அருவருப்பாகிவிட்ட ஒரு 20 வயதுப் பையன் எப்படித்தான் கோல் அடிப்பான்? நொட்டிங்ஹாமில் இருந்த அக்காலத்திலேயே அவர் கிறிஸ்தவ விசுவாசத்திலும் தீவிரமாக ஈடுபடலானார். தமது விசுவாசமும் தமது இயல்பும் ஒன்றையொன்று இழுத்தபடி பல ஆண்டுகள் வாழ்ந்தார். பின்னர் முழங்காற் காயம், அமெரிக்காவிற் சிகிச்சை, அங்கும் கனடாவிலுமாகச் சிறு கழகங்களில் ஆட்டம் என்று காலம் கழிந்தது.

1990 ஒக்ரோபர் 22ஆந் திகதி, இலண்டனின் ‘த சன்’ பத்திரிகை முதற்பக்கத்தில் அவருடைய வாக்குமூலத்தைப் பெரிய எழுத்திற் போட்டது. தொழில்முறை உதைபந்தாட்டம் ஆடும் ஆண் ஒருவர் தம்மைத் தன்பாலீர்ப்புடையவர் என்று உலகறியச் சொன்னது அதுவே முதற் தடவை. அவர் அதற்குப் பணமும் பெற்றார் என்பதை மறைக்கக் கூடாது. பத்திரிகை தானாகவே தோண்டி எடுத்துவிடும் என்ற அச்சம் ஒரு பக்கம், பணத்தேவை மறு பக்கம். நல்ல நோக்கமும் நலிந்த நோக்கமும் கலவாத மனிதச் செயல் எத்தனை?

தம்பியின் சொல்

இனி ஊர் வாயைக் கேட்போம். மைதானத்தில் எதிரணி இரசிகர்கள் கூவினார்கள். அது எதிர்பார்த்ததே, ஏற்கெனவே நிறத்தைச் சொல்லிக் கூவிய வாய்கள்தாம் அவை. சக வீரர்களின் பரிகாசமும் எதிர்பார்த்ததே. எதிர்பாராதது தம்பியின் சொல். ஜோன் பஷானு அப்போது விம்பிள்டன் அணியின் பெயர்பெற்ற வீரர், 1988இல் எவ்.ஏ. கிண்ணத்தை வென்ற அணியில் ஆடியவர். அண்ணனின் அறிவிப்பு வந்ததும், கறுப்பின மக்களின் பத்திரிகையான ‘த வொய்ஸ்’ மூலம் அவரைத் தள்ளிவைத்துப் பேசினார். சிறுவர் இல்லத்தில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வளர்ந்த அந்தத் தம்பி!

ஏன் அப்படிப் பேசினார்? குடும்ப மானம் என்பது ஒரு பதில். ஆபிரிக்கக் குடும்பங்களுக்கும் நமது குடும்பங்களுக்கும் இதிற் பெரிய வேறுபாடு இல்லை. ஊர் என்ன சொல்லும் என்ற பயம் வந்தால், ஊர் சொல்வதற்கு முன் நாமே சொல்லிவிட்டாற் கறை நம்மேற் படாது என்று எண்ணுகிறோம். கறுப்பின மக்களிற் பலருக்கு வேறோர் ஆத்திரமும் இருந்தது. நிற வெறிக்கெதிராக இத்தனை சிரமப்பட்டு நல்ல பெயர் எடுத்துவரும் வேளையில், நம் பிள்ளை ஒருவனே எதிரிக்கு வாய்ப்புக் கொடுக்கிறானே என்ற ஆத்திரம் அது. நெருக்கடிக்குள்ளான சமூகங்கள் எல்லாம் இவ்வாறே பேசும். நமக்கும் அந்தக் குரல் பழக்கமானதுதான்.

அதன்பின் ஜஸ்ரின் டோர்கே, எயார்ட்றி, ஹார்ட்ஸ் ஆகிய கழகங்களுக்கு ஆடினார். தாம் நல்ல உடல்நிலையில் இருந்தும் முழுநேர ஒப்பந்தம் கொடுக்க எந்தக் கழகமும் முன்வரவில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். அவருடைய குறைகளையும் இங்கே சொல்லியாக வேண்டும். தமக்கும் பிரித்தானிய அரசியல்வாதிகள் சிலருக்கும் உறவு இருந்ததென்று பத்திரிகைகளுக்குப் பொய்க் கதை விற்க முற்பட்டார். அது வெளியானதும் 1994இல் ஹார்ட்ஸ் கழகம் அவரை வேலைநீக்கம் செய்தது. வாக்குமூலத்தை ஒருமுறை விலைக்கு விற்றவர், விற்பதற்குக் கதை தேடும் நிலைக்கு வந்துவிட்டார். பத்திரிகைக்கும் அதில் வருத்தம் இருந்திருக்காது.

1998இல் அவர் அமெரிக்காவின் மேரிலண்ட் மாநிலத்தில் பயிற்றுநராக இருந்தார். அங்கு 17 வயது இளைஞர் ஒருவர் அவர்மேற் பாலியற் குற்றம் சுமத்திப் பொலிசில் முறையிட்டார். பொலிசார் விசாரித்தபின் ஜஸ்ரின் இங்கிலாந்துக்குத் திரும்பினார். மே மாதத் தொடக்கத்தில் கிழக்கு இலண்டனில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது 37. அந்தக் குற்றச்சாட்டு எந்த நீதிமன்றத்திலும் விசாரிக்கப்படவில்லை. முறையிட்ட இளைஞருக்கும் அதனால் நீதி கிடைக்கவில்லை. தம்மை ஏற்கெனவே குற்றவாளியென்று தீர்த்துவிட்டார்கள் என்றும், நண்பருக்கும் குடும்பத்துக்கும் இனியும் தலைகுனிவு தரத் தாம் விரும்பவில்லை என்றும் அவர் எழுதி வைத்திருந்தார். 

இங்கே சற்று நில்லுங்கள், வாசகரே. ஒரு மனிதனுடைய சாவுக்கு இன்னாரே காரணம் என்று நாம் தீர்ப்பிட முடியாது. உயிரை மாய்த்துக்கொள்வதற்குப் பின்னால் ஒரு காரணமல்ல, பல காரணங்கள் பின்னிக் கிடக்கும். ஆனால் ‘குடும்பத்துக்குத் தலைகுனிவு’ என்ற எண்ணம் அவருடைய மனதில் தானாக முளைத்ததல்ல. எட்டு ஆண்டுகளுக்கு முன் அது அச்சில் வந்திருந்தது.

பணப்பையின் தீர்ப்பு

ஊர் வாய்க்கு அடுத்தபடியாகப் பேசுவது பணம். அதன் பேச்சு சுருக்கமானது. அமெரிக்க டெனிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங் 1981இல் தாமாக அறிவிக்கவில்லை. முன்னாட் செயலாளரான பெண் ஒருவர் தொடர்ந்த வழக்கினால் விடயம் வெளியாயிற்று. மறுத்துவிடும்படி ஆலோசகர்கள் சொல்லியும் கேளாமல், பத்திரிகையாளரை அழைத்து உண்மையை ஒப்புக்கொண்டார். 24 மணித்தியாலத்துக்குள் விளம்பர ஒப்பந்தங்கள் அனைத்தையும் இழந்தார். 25 ஆண்டுகள் சென்றபின், 2006இல், நியூயோர்க்கில் அமெரிக்கப் பகிரங்க டெனிஸ் போட்டிகள் நடக்கும் மைதானத்துக்கே அவருடைய பெயரைச் சூட்டினார்கள். பணம் போட்ட கணக்கு எவ்வளவு தவறானது பாருங்கள்.

நகைச்சுவை நடிகை எலன் டிஜெனரிசின் கதை 1997இல் நடந்தது. ஏப்ரல் மாதத்தில் ‘ரைம்’ சஞ்சிகையின் அட்டையில் அவருடைய படத்தோடு அவருடைய அறிவிப்பு வந்தது. அம்மாதம் 30ஆந் திகதி, அவர் நடித்த தொலைக்காட்சித் தொடரின் கதாநாயகியும் அவ்வாறே அறிவித்தாள். அதை ஏறத்தாழ 4 கோடி 20 இலட்சம் பேர் பார்த்தார்கள். சில பெரிய கம்பனிகள் விளம்பரத்தை நிறுத்திக்கொண்டன. அலபாமா மாநிலத்துப் பேர்மிங்ஹாம் நகரத்து நிலையம் அந்த அங்கத்தை ஒளிபரப்பவே மறுத்தது. அந்நகரத்தவர் பலர் மண்டபமொன்றில் ஒன்றாகக் கூடிச் செய்மதி வழியாகப் பார்த்தார்கள். ஜெரி பால்வெல் என்ற பிரசங்கியார், ஒழுக்கங்கெட்டவள் என்று பொருள்படுமாறு அவருடைய குடும்பப் பெயரையே திரித்தார். நற்செய்தியைப் பிரசங்கிக்கும் வாய்க்கு இது அழகா?

அடுத்த ஆண்டு தொடர் நிறுத்தப்பட்டது. எலனுக்குச் சில ஆண்டுகள் வேலை இல்லை. அந்த அங்கத்திற் கூட நடித்த லோரா டேர்ண் என்ற நடிகைக்கும் அதன்பின் ஓராண்டுக்கு மேலாக வாய்ப்பு வரவில்லை என்று அவரே பின்னாளிற் கூறினார். அவர் செய்த குற்றம் பக்கத்தில் நின்றதுதான். 2003இல் எலன் பகல்நேர உரையாடல் நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கி 2022 வரை நடத்தினார். 2016இல் ஜனாதிபதி ஒபாமா நாட்டின் மிக உயர்ந்த குடிசார் விருதை அவருக்கு அணிவித்தார். 2020இல் அதே நிகழ்ச்சியிற் பணிபுரிந்தோர் தாம் அங்கு கடுமையாக நடத்தப்பட்டதாக முறையிட்டபோது, அதே மக்கள் அவரைக் கண்டிக்கவும் செய்தார்கள். அவர் மன்னிப்புக் கேட்டார். இதை நான் ஒரு முன்னேற்றமாகவே காண்கிறேன். ஒருவரை அவருடைய இயல்புக்காக வெறுக்காமல், அவர் செய்ததற்காகக் கேள்வி கேட்பது நேர்மையான நிலை அல்லவா?

டப்ளின் வானொலியில் ஒரு ஞாயிறு

நம் வாசகர் பலருக்கு எழக்கூடிய கேள்வி ஒன்றுண்டு. கத்தோலிக்க மக்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டில் இத்தகைய அறிவிப்பு வந்தால் என்ன நடக்கும்? அயர்லாந்தைப் பாருங்கள்.

அங்கு ஆண்களுக்கிடையிலான உறவு 1993 வரை சட்டப்படி குற்றமாக இருந்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1988இல் அச்சட்டத்தைக் கண்டித்தபின்பே அது மாற்றப்பட்டது. அதிலிருந்து 22 ஆண்டுகள் கழித்து, 2015 ஜனவரி 18ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை, சுகாதார அமைச்சர் லியோ வரட்கர் அரச வானொலிப் பேட்டி ஒன்றில் தம்மைப் பற்றிச் சொன்னார். அன்று அவருக்கு 36ஆவது பிறந்த நாள். தந்தை மும்பாயிலிருந்து சென்ற மருத்துவர். தாய் அயர்லாந்துத் தாதி. தம்மைப் பற்றிய பல விடயங்களில் இதுவும் ஒன்றே தவிர, இதுவே தாம் அல்ல என்னும் கருத்துப்பட அமைதியாகப் பேசினார். நாடு எப்படி ஏற்றது? எல்லாக் கட்சியினரும் பாராட்டினர். மறுநாள் அவர் வழக்கம்போல ஆஸ்பத்திரிகளின் நெருக்கடி பற்றிக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஓர் அமைச்சருக்கு இதைவிட நல்ல வரவேற்பு வேறென்ன வேண்டும்!

அவ்வாண்டு மே 22இல் தன்பாலினத் திருமணம் பற்றிய மக்கள் தீர்ப்பில் 62 வீதமானோர் ஆதரவாக வாக்களித்தார்கள். திருச்சபை அதை எதிர்த்திருந்தது. முடிவு வந்தபின் டப்ளின் பேராயர் டயர்முயிட் மார்ட்டின், திருச்சபை தன் உண்மை நிலையைத் திறந்த கண்ணோடு பார்க்க வேண்டிய வேளை வந்துள்ளது என்ற கருத்தை வெளிப்படையாகச் சொன்னார். கோபித்துக்கொள்ளாமல் அவ்விதம் சொன்னது பெரிய மனது. 2017 யூனில் வரட்கர் பிரதமரானார். 2024இற் பதவியை விட்டு விலகினார். 2019 டிசெம்பரில் தம் பெற்றோருடன் மகாராட்டிரத்தில் தந்தையின் பூர்வீகக் கிராமமான வராட்டுக்குச் சென்றார். ஊரவர் திரண்டு நின்று தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே அவரை வரவேற்றனர்.

ஆனால் அந்த வராட்டுக் கிராமத்தைப் பார்த்து நாம் அவசரப்பட்டு மகிழ்ந்துவிடக் கூடாது. அதே 2019 மே மாதத்தில், ஒடிசா மாநிலத்து ஓட்ட வீராங்கனை டுட்டி சந்த், தாம் ஒரு பெண்ணை நேசிப்பதாகச் சொன்னார். தன்பாலுறவு குற்றமல்ல என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்ரெம்பர் 6ஆந் திகதி தீர்ப்பளித்து எட்டு மாதங்களே ஆகியிருந்தன. அவர் பிறந்தது நெசவாளர் குடும்பத்தில். அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டவை அவருடைய கால்கள். தாயும் மூத்த சகோதரியும் பத்திரிகையாளர் முன்னிலையிலேயே எதிர்த்துப் பேசினார்கள். கிராமத்தவர் வெட்கக்கேடு என்றார்கள். இரண்டு மாதம் கழித்து, யூலையில், இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டியில் அவர் 100 மீற்றரை 11.32 செக்கனில் ஓடித் தங்கப் பதக்கம் பெற்றார். பிரதமராகி வருகிறவரை வரவேற்பது எளிது. கூரைக்குக் கீழே கூட இருக்கும் மகளை ஏற்பதுதான் கடினம்.

சட்டமும் திருச்சபையும்

நம் நாட்டில் ஏன் பிரபலமானவர் எவரும் இவ்விதம் சொல்லக் கேட்பதில்லை என்று வினவுவோர் சட்டத்தை மறந்துவிடுகிறார்கள். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம், 365அ பிரிவுகள் ஆங்கிலேயர் எழுதிவைத்தவை. 1995இற் செய்த திருத்தம் பெண்களையும் அதற்குள் அடக்கியது. அதை எழுதிய இங்கிலாந்தோ 1967இலேயே தன் சட்டத்தைத் தளர்த்திவிட்டது. 2023 மே மாதத்தில், இப்பிரிவுகளை மாற்றக் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று நமது உயர் நீதிமன்றம் தீர்மானித்தது.

இங்கே வாசகர் பலருக்குத் தெரியாத ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் அச்சட்டத்தை மாற்றலாமா என்று வொல்பெண்டன் குழு ஆராய்ந்த காலத்தில், வெஸ்ற்மின்ஸ்ரர் கர்தினால் கிறிபின் நியமித்த கத்தோலிக்க ஆலோசனைக் குழு 1956இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. வயதுவந்தோர் தனிமையில், இருவர் சம்மதத்துடன் செய்வதைக் குற்றவியற் சட்டம் தண்டிக்க வேண்டியதில்லை என்பதே அவர்களின் கருத்து. அது பாவமல்ல என்று அவர்கள் சொல்லவில்லை. பாவம் எல்லாம் குற்றமல்ல, பாவத்துக்கு நியாயத்தலம் பொலிஸ் நிலையமல்ல என்றே சொன்னார்கள். 67 ஆண்டுகளின் பின், 2023 ஜனவரியில், பாப்பரசர் பிரான்சிஸ் செய்தி நிறுவனம் ஒன்றுக்கு அளித்த பேட்டியில் அதே வேறுபாட்டை எடுத்துக்காட்டி, இத்தகைய சட்டங்கள் அநீதியானவை என்றார். 2025இற் காலமான அப்பாப்பரசரை இது விடயத்திற் புதுமைக்காரர் என்று சிலர் குறை கூறுவதுண்டு. வழி முன்பே இருந்தது.

போதனை மாறிவிட்டது என்று எவரும் இதிலிருந்து எண்ண வேண்டாம். திருமணத்துக்குப் புறம்பான உறவையும் தன்பாலுறவையும் பற்றித் திருச்சபை கற்பிப்பது அப்படியே இருக்கிறது. ஆனால் அதே போதனையின் மறுபாதியை நாம் வசதியாக விட்டுவிடுகிறோம். 1986 ஒக்ரோபரில், கர்தினால் ராட்சிங்கர் தலைமையில் இருந்த விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் ஆயர்களுக்கு எழுதிய மடல், இத்தகையோர்மேல் சொல்லாலும் செயலாலும் காட்டப்படும் வன்மத்தைக் கண்டித்தது. சொல்லாலும் என்பதைக் கவனியுங்கள். 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூலும் அவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநீதியான பாகுபாடு கூடாது என்கிறது. அதே நூலை ஆதாரங் காட்டிக்கொண்டு பகிடி பண்ணுகிறவர், அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

கேட்டுக்கொண்டிருப்பவர் யார்?

நாம் பேசுவது எங்கோ இருக்கும் எலனுக்கோ ஜஸ்ரினுக்கோ கேட்காது. அவர்களுக்கு நம்மால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. கேட்பது யாருக்கு? செய்தியைப் பார்த்துவிட்டுத் தகப்பன் காறித்துப்பும்போது, அறையின் மூலையிற் புத்தகத்தை விரித்துக்கொண்டிருக்கும் பதினைந்து வயது மகனுக்குக் கேட்கிறது. சித்தப்பா பகிடி சொல்ல வீடே சிரிக்கும்போது, தானும் சேர்ந்து சிரிக்கும் மருமகளுக்குக் கேட்கிறது. தமக்கென்ன நேர்ந்திருக்கிறது என்று விளங்காமல் அஞ்சிக்கொண்டிருக்கும் ஒருவர் அந்த அறையில் இருந்தால், ஒரு நாள் தாம் வாய் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அன்றைக்கே அவருக்குப் பதில் கிடைத்துவிடுகிறது. பிரபலத்தைப் பற்றிய பேச்சு அவருக்கு ஒத்திகை. பங்குத்தந்தையிடமோ, ஆசிரியரிடமோ, தாயிடமோ ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடிய பிள்ளை அதன்பின் கேட்காது. அது பேசாமல் இருப்பதை நாம் நல்லொழுக்கம் என்று எண்ணிக்கொள்வோம்.

பாராட்டுவோரிடமும் பிழை இல்லாமலில்லை. தம்மைத் தாராள மனதினர் என்று எண்ணுவோர் பிறருடைய வாயைக் கிண்டிப் பார்ப்பதுண்டு. கிற் கொனர் என்ற இளம் ஆங்கிலேய நடிகர் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் இத்தகைய பாத்திரத்தில் நடித்துப் பெயர் பெற்றார். உண்மையில் நீ யார், சொல், ஏன் மறைக்கிறாய் என்று இரசிகர்கள் சமூக வலைத்தளங்களில் அவரை விடாது துரத்தினார்கள். 2022 ஒக்ரோபர் இறுதியில், தாம் இருபாலாரையும் நாடும் இயல்புடையவர் என்று அவர் அறிவித்தார். 18 வயதுப் பையனைப் பலவந்தமாகப் பேசவைத்துவிட்டீர்கள் என்ற கசப்போடு அறிவித்தார். அதே மாதத்தில் ஸ்பானிய உதைபந்தாட்டக் காவலர் இக்கர் கசியாஸ் பெயரிலும் இத்தகைய அறிவிப்பொன்று வந்தது. அவருடைய பழைய தோழர் புயோல் அதற்கு ஒரு பகிடியைப் பதிலாகப் போட்டார். பின்னர் கசியாஸ் தம் கணக்கை யாரோ களவாகப் பயன்படுத்திவிட்டார்கள் என்றார். புயோல் மன்னிப்புக் கேட்டார். இதைக் கண்டு மனம் நொந்து எழுதியவர் அவுஸ்திரேலிய வீரர் ஜோஷ் கவல்லோ. 2021 ஒக்ரோபரில் உண்மையாகவே தம்மை அறிவித்து, 2022 ஜனவரியில் மெல்பேண் மைதானத்தில் இரசிகர்களின் வசையைக் கேட்டு நின்றவர் அவர். விலை கொடுத்தவனுக்குத்தானே அந்தப் பகிடியின் பாரம் தெரியும்.

ஜஸ்ரின் பஷானுவின் 1990ஆம் ஆண்டு அறிவிப்புக்குப்பின், பிரித்தானியாவில் தொழில்முறை உதைபந்தாட்டம் ஆடிக்கொண்டிருக்கும் ஆண் எவரும் 2022 வரை வாய் திறக்கவில்லை. பெண்கள் அணிகளில் அக்காலத்துக்குள் பல வீராங்கனைகள் பேசிவிட்டார்கள். ஜேர்மன் நாட்டுக்கு 52 முறை ஆடிய தோமஸ் ஹிற்ஸல்ஸ்பேர்கர் ஓய்வுபெற்ற பின்பே, 2014 ஜனவரியிற் சொன்னார். 2022 மே 16ஆந் திகதி பிளக்பூல் கழகத்தின் ஜேக் டானியல்ஸ் சொன்னபோது அவருக்கு வயது 17. கழகம் முன்கூட்டியே அறிந்து துணைநின்றது. இங்கிலாந்து அணித் தலைவர் ஹரி கேனும் இளவரசர் வில்லியமும் வாழ்த்தினார்கள்.

ஜோன் பஷானு பின் வந்த ஆண்டுகளில் தம் அண்ணனைப் பற்றிப் பேசியவை ஒன்றுக்கொன்று முரணானவை. ஒரு வேளை மறுத்தார். ஒரு வேளை தாம் நடந்துகொண்ட விதத்துக்காகப் பகிரங்கமாக வருந்தினார். அவருடைய மகள் அமல், பெரியப்பா இறந்தபோது சிறுமி. 2012இல் பி.பி.சி.க்காக ஒரு விவரணப்படம் தயாரித்தார். உதைபந்தாட்டத்தில் ஏன் எவரும் பேசுவதில்லை என்று கழகங்களைத் தேடிச் சென்று கேட்டார். பதில் சொல்ல முன்வந்த வீரர் மிகச் சிலர். அப்படத்திலே தம் தகப்பனையும் முன்னால் இருத்தி, அண்ணனை ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டார்.

இங்கிலாந்தின் தேசிய உதைபந்தாட்ட அருங்காட்சியகம் ஜஸ்ரின் பஷானுவின் பெயரைப் புகழ்பெற்ற வீரர் வரிசையிற் சேர்த்தது 2020 பெப்ரவரி 19ஆந் திகதி. அவர் சார்பில் அந்தக் கௌரவத்தைப் பெற்றுக்கொண்டவர் அமல். இருந்திருந்தால் அன்று அவருக்கு 59 வயது.